ஏப்பக் கணக்கு

பின்னால் இல்லை, முன்னால்.
இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்,
பஸ்ஸில், வளைகாப்பில், ஆதார் வரிசையில்.
மாடு வாயுவை விடுவது வாயால். ஏப்பம்.
சிரித்து முடித்த பிறகு கேட்பார்கள்:
"இதை அளக்கவா சம்பளம்?"
இதற்குத்தான். பதினோரு மாத ஒப்பந்தம்,
பிடித்தம் போக.

எருக்கஞ்சேரியில் எத்திராஜுலுவுக்கு ஏழு மாடுகள்,
இரண்டு மின்விசிறி, ஒரு மோட்டார்,
கார்ப்பரேஷன் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ் ஒன்று.
நான் மூட்டையைப் பிரித்ததும்
தொழுவம் முழுக்கக் கடல் வாடை.
"இன்னா மேடம், கருவாட்டுக் கடை வெக்கப் போறியா?"

மண்டபத்திலிருந்து வந்த பாசி.
காயவைத்து, இடித்து, சலித்து,
உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் பேனாவால்
'24 கிலோ. கட்டியது ராக்கினி.'
அவளை எனக்குத் தெரியாது.
சல்லடைக்குத் தப்பிய சிப்பி ஒன்று
என் டிபன் பையில் இருக்கிறது.
அதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

முதல் நாள் ஒருத்தியும் தொடவில்லை.
மறுநாள் புண்ணாக்கில் பிசைந்து வைத்தோம்.
புண்ணாக்கை நக்கிவிட்டுப்
பாசியை ஓரம் ஒதுக்கினார்கள்,
உப்புமாவில் கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி.
மூன்றாம் நாள் வெல்லப்பாகு.
அதற்கு மேல் பேச்சே இல்லை.

வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள்
வைக்கோலைப் புளிக்கவைக்கின்றன,
பாசி போய் அதில் சிலதின்
கையை மட்டும் கட்டிப்போடும் என்றேன்.
எத்திராஜுலு பொறுமையாகக் கேட்டார்.
"ஏரிய ஏப்பம் வுட்டவன் கீறான்,
மேய்க்கா பொறம்போக்க ஏப்பம் வுட்டவன் கீறான்.
அவன் மூஞ்சில யாரு குழா கட்டுறது?"
நான் குழாயை ஓசூர்க்காரியின் மூக்கில் கட்டினேன்.
அவள் அசைபோடுவதை நிறுத்தவில்லை.

ஐந்து வாரம்
என் நோட்டில் எண்கள் படியிறங்கி வந்தன.
சாயங்காலம் நானே எனக்கு ஒரு பஜ்ஜி வாங்கித் தந்தேன்.

ஆறாவது வாரம், வியாழன், விடியற்காலை.
தடுப்பூசிக்காக மாடுகளைத் தெருவில் கட்டியிருந்தார்கள்.
பழக்கதோஷத்தில் கருவியைப் போட்டுவிட்டேன்.

காலித் தொழுவம் ஏப்பம் விட்டது.
ஏழு மாடுகளும் சேர்ந்து விடாத ஏப்பம்.

அணைத்துப் போட்டேன்.
தட்டிப் பார்த்தேன்.
எத்திராஜுலு பல் துலக்கியபடியே
மதிலுக்கு அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் காட்டினார்.
காற்று திரும்பியிருந்தது.
கொடுங்கையூர் மேடு.
முந்தாநாள் சாம்பார், போன முகூர்த்தத்து வாழையிலை,
மிஞ்சிய பிரியாணி, குழந்தைகளின் டயாபர்,
ஊரே தின்று
அசைபோடாமல் அங்கே விழுங்கிவைத்தது
உள்ளுக்குள் புளித்துக்கொண்டிருந்தது.
அதற்குத் தொட்டி இல்லை, மூக்கணாங்கயிறு இல்லை.
எத்தனை மூட்டை அனுப்புவாள் ராக்கினி?

போனில் சார் நிதானமாகச் சொன்னார்,
"அது பின்னணிம்மா. கழிச்சிடுங்க."
சரிதான். முறையும் அதுதான்.
கழிவைக் கழித்தேன்.
மிச்சம் வந்த எண் அழகாக இருந்தது,
அது பொய்யும் இல்லை,
ஓசூர்க்காரியின் பங்கு நிஜமாகவே குறைந்திருக்கிறது.
கழித்ததை மட்டும்
ராக்கினியின் காகிதத்துக்குப் பின்னால்
எழுதிவைத்திருக்கிறேன், தேதி போட்டு.

டீக்கடை மூர்த்திங்கருக்குப் பயம்,
பாலில் மீன் வாடை அடிக்குமோ என்று.
ஒரு கிளாஸ் வாங்கி மோந்தேன், குடித்தேன்.
ஏலக்காய் போட்டிருந்தார், வழக்கத்துக்கு மாறாக.
கடலைக் காணோம்.

மூட்டை தீர்ந்த மறுநாளும்
ஓசூர்க்காரி தொட்டியின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தாள்.
காசிமேடு இங்கிருந்து பஸ்ஸில் அரைமணி.
அவள் பார்த்ததில்லை.
நக்குவது பாகுக்கா, உப்புக்கா?
அதை அளக்கிற கருவி
எங்களிடம் இல்லை.